உடம்புச் சூட்டைத் தாங்கிய பங்கசு

கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்கள், "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டால், "மூளைக் காய்ச்சல் வந்து சுகமாயிட்டு" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். முழுவதையும் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இப்போது தலை தெளிந்திருக்கிறது. ஒரு தரம் எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் சுகந்தி. வயது முப்பத்தெட்டு. வீடு சித்தாண்டியில். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் செக்கராக இருந்தேன். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, தையல் பிசகியதைத் திருத்த அனுப்புவதும், திருத்த முடியாததைக் கழித்துப் போடுவதும்தான் வேலை. என் கணவர் ரவி கட்டாரில் வான் வண்டி ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வளவில் வசந்தி அக்கா குடும்பம். அம்மாவும் அப்பாவும் போனபிறகு எனக்கு எல்லாம் அக்காதான். என் வீட்டில் அடுப்பு மூட்டிய நாட்களை எண்ணிவிடலாம்.

நான்கு வருசத்துக்கு முன் எனக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பின் காவல்காரர்களே உடம்பை அடிக்கிற வருத்தம் அது. மூட்டு வீங்கும், முகம் சிவக்கும். அந்தக் காவல்காரர்களை அடக்கி வைக்க, தினமும் விழுங்க ஸ்டெரொயிட் குளிசை தந்தார்கள். ஒழுங்காகப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தேன்.

போன வருசம் வயலில் வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு தலையிடி தொடங்கியது. முதலில் பின்தலையில் ஒரு கனம். பிறகு காலையில் எழும்பினால் மண்டைக்குள் யாரோ இருந்து வெளியே தள்ளுவது போல. அக்கா தைலம் பூசினாள், கொத்தமல்லி அவித்துத் தந்தாள். மூன்றாவது கிழமை சத்தி வந்தது; தின்றது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. ஒருநாள் வேலையில் மேசைமேல் விரித்த சட்டைக்கு இரண்டு கொலர் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அப்போதும் இரண்டு. தையல் பிசகு என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பிசகியது என் கண்தான் என்று விளங்கியதும் சட்டையை அப்படியே மடித்து வைத்தேன்.

அடுத்த நாள் அக்காதான் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழி முழுக்க நான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் தோளில் சாய்ந்திருந்தேன். அன்றே வார்டில் நிறுத்திவிட்டார்கள். தலையை ஸ்கான் பண்ணினார்கள். கட்டி எதுவும் இல்லை. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் எங்கள் வார்டின் இளம் டொக்டர் கும்பிடவில்லை. தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் முட்டச் சொன்னார். கழுத்து மடங்கவில்லை.

"அக்கா, முதுகில ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுக்கணும்" என்றார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பெண்பிள்ளைகள் எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றி ஒரு நீர் ஓடுகிறதாம். பக்கவாட்டில் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடித்து, இறால் போலச் சுருண்டு கிடக்கவேண்டும். இடுப்புக்கு மேலே முள்ளெலும்புகளின் இடையில் ஊசியை விடுவார்கள். நினைத்த அளவு நோகவில்லை. ஊசியோடு நிமிர்த்திப் பிடித்த குழாயில் நீர் மேலே மேலே ஏறியதாம். அவ்வளவு அழுத்தம் மண்டைக்குள் இருந்திருக்கிறது. கொஞ்சம் வடியவிட்டதும், ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாகத் தலை லேசானது. அந்த ஒரு மணித்தியாலம் எனக்குச் சுகமாகிவிட்டது என்றே நம்பினேன்.

மறுநாள் காலை டொக்டர் தன் போனில் ஒரு படம் காட்டினார். ஆய்வுகூடத்தில் என் நீரோடு கறுப்பு மையைக் கலந்து நுணுக்குக்காட்டியில் பார்த்த படம். முழுக்கக் கறுப்பு. அதில் அங்கங்கே வெள்ளை வட்டங்கள், நடுவில் ஒரு புள்ளியோடு. கறுத்தத் துணியில் தைத்த பொத்தான்கள் போல இருந்தன.

"இதெல்லாம் பங்கசு அக்கா. பூஞ்சணம். பழைய பாண் துண்டில பிடிக்குமே, அந்தச் சாதி. இதுக்குப் பேர் கிரிப்டோகொக்கஸ். இந்த வெள்ளை வட்டம் அது போட்டிருக்கிற சட்டை. மை உள்ளுக்குப் போகாது."

"பாணில பிடிக்கிறது எப்பிடி டொக்டர் தலைக்குள்ள வந்த?"

"புறா எச்சம் விழுந்த மண்ணில, மரப் பொந்துகள்ள இருக்கும். காத்தோட எல்லாரும்தான் சுவாசிக்கிறம். உடம்பு சமாளிச்சிடும். சமாளிக்க ஏலாத ஆக்களுக்குத்தான் மூளை வரைக்கும் போகும்." பிறகு கட்டிலோடு நெருங்கி நின்று, குரலைத் தாழ்த்தினார். "உங்கட லூபஸ் குளிசை காரணமா இருக்கும். ஆனா இந்தப் பங்கசக் கண்டா எச்.ஐ.வி.யும் பாக்கிறது வழமை. அதுவும் எதிர்ப்புச் சக்தியக் குறைக்கும். இரத்தம் எடுக்கவா?"

ஓம் என்று தலையாட்டினேன். டொக்டர் யாரிடமும் சொல்லவில்லை. தேத்தண்ணி வாங்கப் போன அக்கா வந்ததும் சொன்னது நான்தான். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அக்காவிடம்தானே சொல்லிப் பழக்கம்.

அக்காவின் முகம் மாறியதை இரண்டிரண்டாகத் தெரியும் கண்ணாலும் கண்டேன்.

"யாரிட்ட இருந்துடி இந்த வருத்தம் வந்த?"

"வரயில்ல அக்கா. சும்மா பாக்கிறாங்க."

"சும்மா பாப்பாங்களா? அங்க கட்டார்ல உன்ட மனிசன் என்ன செய்யிறாரோ யாருக்குத் தெரியும்." தேத்தண்ணியைக் கட்டிலில் வைக்காமல் யன்னல் படியில் வைத்தாள். "கவிதாக்குக் கலியாணம் பேசுறம். இது வெளிய போனா என்ட புள்ளைட கதி என்ன?"

பின்னேரம் வாறன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பின்னேரமும் வரவில்லை, அடுத்த பத்து நாளும் வரவில்லை.

ரிசல்ட் வர இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ரவி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து எனக்குக் கோல் எடுப்பார். அந்த இரண்டு நாளும் நான் எடுக்கவில்லை. போன் அதிர அதிரத் தலையணைக்குக் கீழே தள்ளினேன். ஒன்பது வருசமாக அறிந்த மனிசனை, அக்காவின் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேறொரு ஆளாகப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். இரண்டு வருசத்துக்கு முன் லீவில் வந்தபோது அவர் வாசலில் நின்று யாரோடோ போன் பேசியதுகூட நினைவில் வந்து நின்றது.

மூன்றாம் நாள் டொக்டர் ரிசல்ட் துண்டோடு வந்தார். "இல்ல அக்கா. நெகட்டிவ்."

அக்காவுக்குக் கோல் எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நான்கு தரம் எடுத்தேன். மெசேஜாக எழுத நினைத்தேன். அக்காவின் போன் எப்போதும் கவிதாவின் கையில்தான் இருக்கும். அந்தச் சொல்லை எழுத மனம் வரவில்லை.

அன்று மாலை ரவியின் கோலை எடுத்தேன். "சார்ஜ் இல்லாமக் கிடந்திச்சு" என்று பொய் சொன்னேன். தலைக்குள் பூஞ்சணம், மருந்து தொடங்கிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். இரத்தப் பரிசோதனை பற்றி வாய் திறக்கவில்லை. அவரும் அதிகம் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். குரல் அடைத்திருந்தது. ஏசிக் குளிர் பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

மருந்தின் பெயர் அம்போடெரிசின். மஞ்சள் நிறம். சேலைனோடு கலந்து நான்கைந்து மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக ஏறும். ஏறத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் நடுக்கம் வரும். பல் அடிக்கும், கட்டில் ஆடும். மூன்று போர்வை போர்த்தாலும் எலும்புக்குள் இருந்து குளிரும். அது ஓய்ந்ததும் காய்ச்சல் கொதிக்கும். அந்த மருந்து உடம்பிலுள்ள பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுமாம். அது குறைந்தால் இதயத் துடிப்புப் பிசகும். அதற்காகக் கசப்பும் உப்புமாக ஒரு பாணி மருந்து குடிக்கவேண்டும். தினமும் இரத்தம் எடுத்து, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர் ஆயிஷா ராத்தா; ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. இதய வருத்தத்தில் கால் வீங்கி வந்திருந்தவர். வீட்டில் இருந்து பர்தா தைத்து விற்பவர். முதல்நாள் நான் நடுங்கியதைப் பார்த்துத் தன் போர்வையையும் எடுத்து எறிந்தார்.

"உங்களுக்குக் குளிருமே ராத்தா."

"எனக்கு இரிக்கிற கொழுப்புக்குக் குளிரா? கிட புள்ள, பேசாம."

அவருடைய மருமகள் கொண்டுவரும் சோற்றில் பாதி எனக்கு வரும். ஏன் உனக்கு ஆள் வரவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. சட்டையின் கைக்குழி எப்படி வெட்டினால் இழுக்காது என்று இரண்டு பேரும் வாதாடுவோம். அவர் சொன்ன அளவு பிழை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு நாள் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது டொக்டர் வந்து கட்டிலோரம் நின்றார். என் மனதில் கிடந்ததைக் கேட்டேன். "டொக்டர், பாணில, மரத்தில எவ்வளவு பூஞ்சணம் கிடக்கு. அதெல்லாம் வராம இது மட்டும் ஏன் மனிசருக்குள்ள வந்து இருக்கிற?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது போல. கதிரையை இழுத்து இருந்தார்.

"மற்றதுகளுக்கு எங்கட உடம்புச் சூடு ஆகாது அக்கா. ஒவ்வொரு கலத்துக்குள்ளயும், செல் எண்டுவாங்களே, அதுக்குள்ள வேலை செய்யிறது புரதங்கள். புரதம் முதல்ல நூல் மாதிரித்தான் உண்டாகும். சரியா மடிஞ்சாத்தான் வேலை செய்யும். சூடு கூடினா மடிப்புக் குலைஞ்சிடும். முட்டை வெள்ளைக்கரு அவியிறது அதுதான், புரதம் குலையிறது. குலைஞ்ச புரதம் சும்மா கிடக்காது. ஒண்டோட ஒண்டு சிக்குப்பட்டுக் கலத்தையே கெடுத்துப்போடும்."

"அப்ப இதுக்குச் சூடு பிடிக்காதா?"

"நீங்க என்ன வேலை எண்டு சொன்னீங்க?"

"காமென்ட்ஸ்ல செக்கர்."

அவர் சிரித்தார். "அப்ப லேசா விளங்கும். இதுக்குள்ளயும் செக்கர்மார் இருக்கு. மடிப்புக் குலைஞ்ச புரதத்தப் பிடிச்சுத் திரும்ப மடிச்சு விடுற புரதங்கள் இருக்கு. திருத்த ஏலாட்டி அதில ஒரு அடையாளத்த ஒட்டிவிடும். அடையாளம் ஒட்டினத வெட்டித் துண்டாக்கிறதுக்கு வேற ஒரு மெசின். புரதத் தரக்கட்டுப்பாடு எண்டு சொல்லுவாங்க. இந்தப் பங்கசில அது நல்லா வேலை செய்யிது. அதாலதான் சூட்டையும் தாங்குது, எங்கட உடம்பு குடுக்கிற அடியையும் தாங்குது."

"அந்தச் செக்கர எடுத்துப்போட்டா?"

"ஆய்வுகூடத்தில செய்து பாத்திருக்காங்க. அடையாளம் ஒட்டுறதுக்கு ஆளத் தெரிவு செய்யிற ஒரு புரதம் இருக்கு. அத இல்லாமச் செய்தா, பங்கசு சாகாது. தட்டில வச்சா வளரும். ஆனா எலிக்குள்ள விட்டா வருத்தமாக்க ஏலாமப் போயிடுது."

நான் எழும்பி இருக்கப் பார்த்தேன். "அப்ப அதுக்கு மருந்து செய்யலாமே!"

"அங்கதான் சிக்கல். பக்டீரியா எண்டா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பங்கசு அப்பிடி இல்ல, கிட்டத்துச் சொந்தம். அதே செக்கர்மார் எங்கட கலத்துக்குள்ளயும் இருக்கு. அத அடிக்கிற மருந்து எங்களையும் அடிச்சிடும். பங்கசிட ஆள மட்டும் பிடிக்கிற மருந்தத்தான் தேடுறாங்க. இந்த மஞ்சள் மருந்தும் அப்பிடித்தான். பங்கசிட தோல்ல ஓட்டை போடுது. எங்கட கலங்கள்ட தோலும் கிட்டத்தட்ட அதே மாதிரி எண்டபடியா உங்களுக்கும் இந்த நடுக்கம்."

ராத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப புள்ள, நீயும் அதுவும் ஒரே வேலைதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டொக்டர் போனபிறகு வேறொன்று மனதில் பட்டது. யாரிட்ட இருந்து வந்த என்று அக்கா கேட்டாள். யாரிடமிருந்தும் வரவில்லை. இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாதாம். எங்கோ மண்ணில் கிடந்து, அதன்பாட்டில் தன் புரதங்களைத் திருத்திக்கொண்டு சீவித்த ஒன்று, காற்றோடு வந்து, தாங்கக்கூடிய சூடு இருந்ததால் தங்கிவிட்டது. குற்றம் சொல்ல ஒரு ஆள் இல்லை. இதை அக்காவிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. போனைத் தேடி எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

எட்டாம் நாள் ராத்தாவுக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிட்டார்கள். மருமகள் பையைத் தூக்கினாள். ராத்தா என் தலையில் கைவைத்து ஏதோ ஓதினார். "மறுகா சந்திப்பம், இன்ஷா அல்லாஹ். இந்த இடத்தில மட்டும் வேணாம்" என்றார். அந்தக் கட்டிலுக்கு வந்த அம்மாவுக்கு நினைவு இல்லை. கதைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு பின்னேரத்தில் பார்வையாளர் வரும் நேரம்தான் எனக்குப் பெரிய கண்டம். ஊசி வலியைச் சொல்ல நேர்ஸ் மிஸ் இருந்தார். இதை யாரிடம் சொல்வது? கதவு திறந்ததும் வார்டு முழுக்கச் சோற்றுப் பார்சலும் மீன் பொரியலும் மணக்கும். பிளாஸ்க் மூடிகள் திறக்கும். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நான்கு பேர் நிற்பார்கள். என் கண்ணுக்கு எட்டுப் பேர். எல்லோரும் மற்றவர்களுக்கு வந்தவர்கள். வாசலில் பச்சைச் சேலையைக் கண்டால் அக்காவோ என்று ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பேன். இரண்டு உருவமும் ஒன்றாகி, அது வேறு யாரோவாக இருக்கும். பிறகு அந்த நேரம் வந்தால் நித்திரை போலக் கண்ணை மூடிக் கிடக்கப் பழகினேன். ஆள் வராத கட்டிலைப் பார்த்துச் சனம் இரக்கப்படும். அந்த இரக்கத்துக்கு முகம் கொடுக்க என்னால் ஏலாது. ஒருநாள் யாரோ ஒரு அம்மா நான் தூங்குவதாக நினைத்து, தலைமாட்டில் இரண்டு கதலிப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். கண்ணைத் திறந்து யார் என்று பார்க்கவில்லை. பழத்தைத் தின்றேன். பொட்டாசியத்துக்கு நல்லது.

இடையில் இரண்டு தரம் முதுகில் ஊசி போட்டு அழுத்தத்தை இறக்கினார்கள். மூன்றாம் தரம் எடுத்த நீரில் பங்கசு முளைக்கவில்லை என்று பிறகு அறிவித்தார்கள்.

அக்கா போன பதினோராம் நாள் பின்னேரம் கண்ணை மூடிக் கிடந்தேன். யாரோ கால்மாட்டில் நிற்பது தெரிந்தது. திறந்தால் அக்கா. சோற்றுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். பார்த்தாளே ஒழியக் கிட்ட வரவில்லை. இருப்பதற்குக் கதிரை கிடந்தது, கட்டிலிலும் இடம் கிடந்தது.

ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்திருந்தால், அவள் வந்து இருப்பாளா நிற்பாளா என்று தெரிந்திருக்கும். எனக்கு அதைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"இல்லையாம் அக்கா. ரெண்டு நாள்ளயே ரிசல்ட் வந்திட்டு. இல்லையாம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

அக்கா ஓடிவந்து கட்டிலில் விழுந்து அழுதாள். "நான் பாவி, சுகந்தி. ஒவ்வொரு நாளும் சமைச்சு வச்சிட்டு, பஸ் ஏறாமத் திரும்பித் திரும்பிப் போனன்" என்றாள். அது பொய்யில்லை. அன்றும் சுறாப்புட்டு அவித்துக் கொண்டுவந்திருந்தாள். தானே ஊட்டிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை ஒருநாளும் தவறாமல் வந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தத் துண்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்பது இனி எனக்கு ஒருபோதும் தெரியவராது. அவள் மடியில் தலைவைத்துக் கிடந்தபோதும் அது என்னோடு கிடந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு விட்டார்கள். புளுகொனசோல் என்ற பங்கசுக் குளிசையைப் பல மாதம் போடவேண்டும். கண் மெல்ல மெல்லத்தான் சரியானது. செக்கர் மேசைக்கு என்னைத் திரும்ப எடுக்கவில்லை. இப்போது பொதி கட்டும் பகுதியில் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை. ஒரு பின்னேரம் ரவி எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க ஒருநாளும் தவறாமல் எடுத்தவர். சாப்பிட்டியா, நடுக்கம் வந்ததா, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார், வைப்பார். அன்று என்னால் தாங்க முடியவில்லை.

"உங்களிட்ட ஒண்டு சொல்லணும். முதல் ரெண்டு நாளும் போன் எடுக்காதது சார்ஜ் இல்லாமயில்ல. உங்களச் சந்தேகப்பட்டன். எனக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தவங்க."

"தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"அக்கா அண்டைக்கே எனக்குக் கோல் எடுத்து ஏசினவ. நான்தான் உனக்குக் குடுத்தது எண்டு. நான் அடுத்த நாளே போய் இரத்தம் குடுத்தன். மூணு நாள் எடுத்திச்சு. அறைக்குப் போனா மத்தவங்க முகத்தில முழிக்க ஏலாது. வேலை முடிஞ்சா வானுக்குள்ளயே இருந்தன். மறுகா எனக்கு இல்லையெண்டு வந்திச்சு."

நான் கணக்குப் பார்த்தேன். என் ரிசல்ட் என்ன என்று அவருக்கு நான் சொன்னதே இல்லை. அக்காவும் வெட்கத்தில் அவருக்குத் திரும்ப எடுத்திருக்கமாட்டாள். தனக்கு இல்லை என்று தெரிந்த பிறகு, அப்படியென்றால் எனக்கு எங்கிருந்து என்ற கேள்வி அவருக்கு வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் மூன்று கிழமையும் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கும் இல்ல" என்றேன். "ரெண்டு நாள்ளயே சொல்லிட்டாங்க. நான்தான் உங்களுக்குச் சொல்லயில்ல."

மறுபக்கத்தில் வான் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கும் குளிசை இருக்காமே. இஞ்ச ஆஸ்பத்திரியில ஒரு மலையாளத்து நேர்ஸிட்டக் கேட்டன். ஒழுங்காப் போட்டா நெடுங்காலம் இருக்கலாமாம். நீ தனியக் கிளினிக்குக்குப் போக வெட்கப்படுவாய் எண்டு அடுத்த மாசம் லீவு கேட்டிருந்தன். நேத்துத்தான் தந்தவங்க."

போனைக் காதோடு வைத்துக்கொண்டு அழுதேன். அவர் வைக்கவில்லை.